வேடிக்கை வீடியோ நிகழ்ச்சி செய்யப் போகிறீர்களா? முதல் எபிசோடுக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதப் போய் கேக்குக்குள் மூக்கை விடும் குழந்தை, ஊஞ்சல் அறுந்து உட்கார்ந்தபடியே தரைக்கு வரும் மாமா, மீன் கடைக்காரர் திரும்புவதற்குள் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடும் பூனை. இந்த மாதிரி கிளிப்களைக் கோர்த்து ஒரு நிகழ்ச்சி செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறைய. யூடியூப் சேனலாக இருக்கலாம், உள்ளூர் கேபிளில் அரை மணி நேர ஸ்லாட்டாக இருக்கலாம், கல்லூரி மீடியா மாணவர்களின் பயிற்சியாக இருக்கலாம், வேலை ஒன்றுதான். பெரும்பாலோர் ஆரம்பிக்கும் விதமும் ஒன்றுதான்: கண்ணில் பட்ட ரீல்ஸை எல்லாம் டவுன்லோட் செய்து, வரிசையாக ஒட்டி, மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு ஏற்றிவிடுகிறார்கள். சேனலுக்கு ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை) வருவதும் அதனால்தான், பார்க்கிறவருக்குச் சிரிப்பு வராததும் அதனால்தான்.

நான் இதில் அடித்துச் சொல்வது இரண்டே விஷயம். வீடியோவை எடுத்தவர் அதைத் தன் கையால் உங்களுக்குத் தந்திருக்க வேண்டும். அப்புறம், விழுகிற நொடியைவிட அதற்கு முந்தைய இரண்டு மூன்று நொடிகளில்தான் நீங்கள் அதிகம் உழைக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டின் விரிவுதான்.

கொஞ்சம் வரலாறு, வேலைக்கு உதவும் அளவுக்கு

ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சியில் 1986-இல் காட்டோ சா, ஷிமுரா கென் என்ற இரண்டு நகைச்சுவைக் கலைஞர்களின் நிகழ்ச்சி தொடங்கியது. அதில் பார்வையாளர்கள் வீட்டில் எடுத்த வீடியோக்களை அனுப்புவதற்கென்றே ஒரு பகுதி. கேம்கார்டர் என்ற கையடக்க வீடியோ கேமரா வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. அந்த யோசனையை வைத்து வின் டி போனா என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் ஏபிசி சேனலுக்கு 1989 நவம்பரில் ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்தார். நல்ல வரவேற்பு, 1990 ஜனவரியிலேயே வாராந்திரத் தொடராகிவிட்டது. அதுதான் 'அமெரிக்காஸ் ஃபன்னியஸ்ட் ஹோம் வீடியோஸ்'. அதே 1990 ஏப்ரலில் பிரிட்டனின் ஐடிவியில் 'யூ'வ் பீன் ஃப்ரேம்ட்' வந்தது. ஒளிபரப்பாகும் ஒவ்வொரு கிளிப்புக்கும் 250 பவுண்ட் கொடுத்தார்கள்.

கவனியுங்கள், இந்த நிகழ்ச்சிகள் எல்லாம் நிலைத்து நின்றது மக்கள் தாமாக அனுப்பிய டேப்பில். யாரோ ஒருவர் தன் மனைவி சறுக்கி விழுந்ததைப் பார்த்துச் சிரித்து, மனைவியும் சிரித்து, "அனுப்பிடலாமா?" என்று பேசி முடிவு செய்த பிறகு வந்த டேப். அந்தச் சம்மதம் திரையில் தெரியும்.

2011-இல் எம்டிவியில் வந்த 'ரிடிக்யுலஸ்னஸ்' வேறு மாதிரி. ராப் டிர்டெக் நடத்த, இணையத்தில் சுற்றும் கிளிப்களைச் சோபாவில் உட்கார்ந்து பார்த்துப் பேசும் நிகழ்ச்சி. 2020-இல் ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் 113 மணி நேரத்தை எம்டிவி இந்த ஒரு நிகழ்ச்சிக்கே கொடுத்திருந்தது. இதில் பாராட்ட எனக்கு ஒன்றுமில்லை, ஒரு இசைச் சேனல் அப்படி ஆனது வருத்தம்தான். ஆனால் இந்த வகை நிகழ்ச்சிக்குச் செலவு குறைவு, எங்கிருந்து பார்த்தாலும் புரியும், மறுபடி மறுபடி போடலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1. எந்த வடிவம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தொகுப்பாளர் நின்று பேசி கிளிப்புக்கு வழிவிடுவது ஒன்று, இரண்டு மூன்று பேர் சேர்ந்து பார்த்து அரட்டை அடிப்பது இன்னொன்று, முகமே காட்டாமல் குரல் மட்டும் வருவது மூன்றாவது. 'யூ'வ் பீன் ஃப்ரேம்ட்' நிகழ்ச்சியை 2004 முதல் ஹாரி ஹில் திரையில் வராமல் குரலாலேயே நடத்தினார்.

புதியவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவதைத்தான். ஸ்டூடியோ வேண்டாம், லைட்டிங் வேண்டாம், ஒரு நல்ல மைக்கும் சத்தமில்லாத ஒரு அறையும் போதும். சோபா அரட்டை சுலபம் போலத் தெரியும், செய்து பார்த்தால் தெரியும் கஷ்டம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் "டேய் டேய் பாரு பாரு" என்று கத்துவதை எடிட்டில் சரிசெய்ய முடியாது.

2. கிளிப் சேகரிப்பு: பாதி உழைப்பு இங்கேதான்

தெரிந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர்களிடம் கேட்டாலே ஒரு எபிசோடுக்குத் தேறும். ஆனால் மண்டபத்தில் வீடியோ எடுத்தவர் தந்தால் மட்டும் போதாது, அந்தக் கல்யாண வீட்டாரிடமும் கேட்க வேண்டும். உங்கள் பக்கத்தில் "வீடியோ அனுப்புங்கள்" என்று அறிவிப்பு போடுங்கள், என்ன மாதிரி வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். "சிரிப்பு வீடியோ" என்று பொதுவாகக் கேட்டால் ஃபார்வர்டுதான் வரும். "உங்கள் வீட்டு ஆடு, மாடு, நாய், பூனை செய்த அடாவடி" என்று கேட்டால் உண்மையான வீடியோ வரும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவ் லிங்க் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் ஃபைல் கேட்பதில் இன்னொரு லாபமும் உண்டு. உண்மையிலேயே எடுத்தவரிடம்தான் அது இருக்கும். வேறு ஆப்பின் வாட்டர்மார்க்கோடு, ஓரத்தில் யாரோ ஒருவரின் ஐடியோடு வந்தால், அனுப்பியவர் அதை எங்கிருந்தோ எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த ஒவ்வொன்றுக்கும் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். யார் எடுத்தது? இதில் இருப்பவர்கள் யார், அவர்களுக்கு இது வெளியே போவது தெரியுமா? அடி ஏதும் பட்டதா? வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். வைரலான வீடியோக்களை வாங்கி விற்பதற்கென்றே ஜூகின் மீடியா, வைரல்ஹாக் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே அவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்ட வீடியோவை எடுத்தவர் மறந்துபோய் உங்களுக்கும் தந்தால், பிரச்சினை உங்கள் வாசலுக்கு வரும்.

3. எழுதி வாங்குங்கள்

"கிரெடிட் கொடுத்திருக்கோமே" என்பதை நிறைய பேர் அனுமதி என்று நினைக்கிறார்கள். இல்லை. பேர் போடுவது மரியாதை, அனுமதி வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 படி அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்று எடுத்துக்கொள்ளப்படும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். யூடியூபில் போடப் போகிறீர்கள், அது யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் டொராண்டோவிலும் ஓடும், அதனால் இந்த இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள்.

வக்கீல் மொழி வேண்டாம். இந்த அளவு போதும்: "இந்த வீடியோவை நான்தான் என் போனில் எடுத்தேன். இதில் தெரிபவர்களுக்கு இது வெளியாவது தெரியும், அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். வேறு யாருக்கும் இதன் உரிமையைத் தரவில்லை. உங்கள் நிகழ்ச்சியில் வெட்டியும் குரல், இசை சேர்த்தும், தொலைக்காட்சியிலும் இணையத்திலும், உலகம் முழுவதும், 10 ஆண்டுகளுக்குப் பயன்படுத்த அனுமதி தருகிறேன்." கீழே பெயர், கையெழுத்து, தேதி, ஃபைல் பெயர். அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பினால் சேமித்து வையுங்கள். குழந்தை இருந்தால் பெற்றோர் கையெழுத்து.

சட்டத்தின் 52-ஆவது பிரிவில் விமர்சனத்துக்கும் திறனாய்வுக்கும் நியாயமான அளவு பயன்படுத்தலாம் என்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் முழு கிளிப்பையும் போட்டு ஓரத்தில் சிரிப்பது விமர்சனம் ஆகிவிடாது. அதை நம்பி சேனல் நடத்தாதீர்கள்.

4. சல்லடை

இதில் தயவு தாட்சண்யம் கூடாது. என்னுடைய முதல் கேள்வி, விழுந்தவர் எழுந்தாரா? எழுந்தது வீடியோவிலேயே தெரிகிறதா? தெரியாவிட்டால் அந்தக் கிளிப் வேண்டாம், எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். பார்க்கிறவர் மனதில் "என்ன ஆச்சோ" என்ற கவலை வந்துவிட்டால் அடுத்த இரண்டு கிளிப்புக்கும் அவர் சிரிக்க மாட்டார்.

குடித்துவிட்டுத் தடுமாறுபவர், வலியிலோ பயத்திலோ உண்மையாக அழும் குழந்தை, வயதானவர் தலைகுப்புற விழுவது, ஒருவரின் உடலையோ நிறத்தையோ ஊனத்தையோ வைத்து வரும் சிரிப்பு, தெருவில் வேலை செய்பவரை அவருக்குத் தெரியாமல் எடுத்தது, எல்லாம் வெளியே. வாலில் டப்பா கட்டிய நாயும் வெளியே, அது கொடுமை. வேண்டுமென்றே செய்ததையும் எடுக்காதீர்கள், கூர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்: சம்பவம் நடக்கும் முன்பே கேமரா சரியான இடத்துக்குத் திரும்பியிருக்கும்.

கனடாவின் க்யூபெக்கில் 2002-இல் ஒரு பள்ளி மாணவன் கையில் ஒரு கம்பை வைத்து, விண்வெளி வாள்வீரனைப் போலச் சுழற்றித் தனியாக விளையாடியதைத் தானே பதிவு செய்து வைத்தான். அடுத்த வருஷம் அந்தப் பதிவைக் கூடப் படித்தவர்கள் அவனைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றினார்கள். உலகமே பார்த்துச் சிரித்தது. அவன் அந்தப் பள்ளியை விட்டுப் போகும் அளவுக்குக் கேலி, குடும்பம் வழக்கு வரை போனது. அந்த வீடியோவில் யாரும் விழவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. சல்லடையில் சம்மதம் என்ற கண்ணி ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

5. வெட்டு

எடிட்டிங் கற்றுக்கொள்ள ஒரு வீடியோவைச் சொல்கிறேன், பலமுறை பார்த்திருப்பீர்கள், இப்போது எடிட்டர் கண்ணோடு பாருங்கள். 2017 மார்ச் 10. தென்கொரிய அதிபர் பார்க் குன்-ஹே பதவி நீக்கப்பட்டதைப் பற்றி, பூசான் நகரில் தன் வீட்டு அறையிலிருந்து பேராசிரியர் ராபர்ட் கெல்லி பிபிசிக்கு நேரலையில் பேசுகிறார். கோட்டு, டை, பின்னால் சுவரில் வரைபடம், ஒரு கதவு. கதவு திறக்கிறது. மஞ்சள் சட்டை போட்ட சிறுமி இரண்டு கையையும் வீசிக்கொண்டு, அந்த அறையே தனக்குச் சொந்தம் என்பது போல நடந்து வருகிறாள். அவர் திரும்பாமலே ஒரு கையால் அவளைப் பின்னுக்குத் தள்ளப் பார்க்கிறார். அப்போது நடைவண்டியில் கைக்குழந்தை உருண்டு உள்ளே வருகிறது. அடுத்து அம்மா கதவோரம் சறுக்கிக்கொண்டு பாய்ந்து வந்து இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போகிறார். முடிந்தது என்று நினைக்கும்போது, மண்டியிட்டபடி திரும்ப வந்து, கேமராவில் தெரியாது என்ற நம்பிக்கையோடு கையை நீட்டிக் கதவைச் சாத்துகிறார்.

இதில் வெட்டே கிடையாது. ஆனால் நல்ல வெட்டுக்கு வேண்டிய பாடம் எல்லாம் இருக்கிறது. கதவு ஆரம்பம் முதலே கண்ணில் படுகிறது, மூடிய நிலையில். நீங்கள் இந்த கிளிப்பைச் சிறுமி உள்ளே வந்த பிறகு தொடங்கினால் பாதி சிரிப்பு போய்விடும், ஏனென்றால் அதற்கு முன் அந்த அறை எவ்வளவு கௌரவமாக இருந்தது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. அதேபோல குழந்தைகள் வெளியே போனதும் வெட்டிவிட்டால் கதவு சாத்தும் கை போய்விடும், எனக்கு இதில் அதுதான் உச்சம். அவசரக்கார எடிட்டர் இந்த இரண்டையும் செய்வார்.

ஆக, இடத்தைக் காட்டுங்கள், ஆபத்து எது என்பதைக் காட்டுங்கள் (ஈரமான தரை, அவிழ்ந்த கயிறு, மேஜை ஓரத்து கேக்), ஒன்றிரண்டு நொடி பொறுங்கள், சம்பவம் நடக்கட்டும், அதற்குப் பிறகு சுற்றியிருப்பவர்களின் முகம் வரும்வரை வெட்டாதீர்கள். முதல் தடவை எப்போதும் இயல்பான வேகத்தில். ஸ்லோ மோஷன் வேண்டுமென்றால் மறு ஓட்டத்தில், அதுவும் ஒரே தடவை, அதுவும் முதலில் கண்ணுக்குத் தப்பிய ஏதாவது இருந்தால் மட்டும். உயரவாக்கில் எடுத்த வீடியோ என்றால் இரண்டு பக்கமும் மங்கலாக்கி நிரப்புங்கள், பெரிதாக்கி வெட்டினால் கீழே கிடக்கும் வாழைப்பழத் தோலும் போய்விடும்.

ஒரிஜினல் சத்தத்தை அழிக்காதீர்கள். "ஐயோ, பாத்துடா" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து வரும் பாட்டியின் குரலும், போனைப் பிடித்திருப்பவர் அடக்க முடியாமல் சிரிப்பதில் ஆடும் படமும் நீங்கள் எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஸ்டூடியோவில் கிடைக்காது.

6. வரிசை

தலைப்பு வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கல்யாண மேடை, மாட்டுத் தொழுவம், முதல் தடவை ஸ்கூட்டர். மூன்று சின்ன கிளிப், ஒரு நீளமான கிளிப், மறுபடி சின்னது என்று மூச்சு மாற்றிக்கொண்டே போங்கள். ஒரே மாதிரி நான்கு விழுதல் தொடர்ந்து வந்தால் ஐந்தாவதற்குச் சிரிப்பு இருக்காது. யூடியூப் என்றால் மிக நல்ல கிளிப்களில் ஒன்று முதல் கால் நிமிடத்திலேயே வந்துவிட வேண்டும். டிவிக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: அமெரிக்க நிகழ்ச்சியில் கடைசியில் மூன்று கிளிப்களுக்குப் போட்டி, ஸ்டூடியோவில் இருப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள், பரிசுப் பணம். யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்கவே குடும்பம் உட்கார்ந்திருக்கும்.

7. குரல்

கண்ணால் பார்ப்பதை வாயால் சொல்லாதீர்கள். பாப் சாகெட் 1990 முதல் 1997 வரை அமெரிக்க நிகழ்ச்சியை நடத்தியபோது செய்தது இதுதான்: குழந்தைக்கும் நாய்க்கும் அவர் குரல் கொடுத்தார், அவை என்ன நினைத்திருக்கும் என்று பேசினார்.

இப்படி ஒரு கிளிப் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கடை வாசலில் வாழைத்தார் தொங்குகிறது. கடைக்கார அக்கா உள்பக்கம் திரும்பி எதையோ எடுக்கிறார். ஒரு ஆடு முன்னங்காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்து ஒரு பழத்தைப் பிய்க்கிறது. அக்கா திரும்புகிறார், ஆடும் அவரைப் பார்க்கிறது, மெல்லுவதை நிறுத்தாமல். இங்கே "பாருங்க, ஆடு பழம் சாப்பிடுது" என்று சொன்னால் வீண். ஆடு அக்காவைப் பார்க்கும் அந்த நொடி வரை ஒன்றும் பேசாமல் இருந்து, "அக்கா, நோட்டுல எழுதிக்குங்க" என்று ஆட்டுக் குரலில் ஒரே வரி. அதோடு நிறுத்த வேண்டும். அடுத்து அக்கா துரத்துவதைப் படம் பார்த்துக்கொள்ளும்.

விழுகிற கிளிப்புக்கு விழுவதற்குச் சற்று முன்பே பேச்சு நின்றுவிட வேண்டும். காகிதத்தில் எழுதாதீர்கள், வீடியோவை ஓடவிட்டுப் பேசிப் பதிவு செய்து, தேறும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கொங்குப் பேச்சோ நெல்லைப் பேச்சோ சென்னைப் பேச்சோ, உங்களுக்குச் சொந்தமானதில் பேசுங்கள். அடுத்த ஊர்ப் பேச்சைக் கேலிக்காக மட்டும் எடுத்தால் அந்த ஊர்க்காரர் அன்றோடு போய்விடுவார்.

8. இசை

நம் எடிட்டர்களுக்கு வடிவேலு ரியாக்‌ஷனை நடுவில் சொருகாமல் கை நிற்காது. எனக்கும் அவரைப் பிடிக்கும், அதனால்தான் சொல்கிறேன்: அந்தக் காட்சி படக் கம்பெனிக்கோ உரிமை வாங்கியவருக்கோ சொந்தம், பாட்டு இசை நிறுவனத்துக்குச் சொந்தம். யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற அமைப்பு அதைத் தானாகக் கண்டுபிடித்துவிடும். கிளெய்ம் (உரிமை கோரல்) வந்தால் பெரும்பாலும் அந்த வீடியோவின் வருமானம் அவர்களுக்குப் போகும். உரிமையாளர் நீக்கச் சொல்லி முறைப்படி கேட்டால் அது ஸ்ட்ரைக், 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே நீக்கப்படலாம். தவிர, அவர் முகம் வந்ததும் பார்ப்பவர் அவரைப் பார்த்துச் சிரிப்பார், உங்கள் கிளிப்பை மறந்துவிடுவார். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. தெரிந்த தவில்காரர் இருந்தால் பத்து விதமான அடியைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வருஷத்துக்கு வரும்.

9. ஏற்றுவதும், ஏற்றிய பிறகும்

யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வைகளும்) வேண்டும். அதை எட்டினாலும், அடுத்தவர் வீடியோக்களை வெறுமனே தொகுத்திருந்தால், மறுபயன்பாட்டு உள்ளடக்கம் என்று சொல்லி விண்ணப்பத்தை நிராகரிப்பார்கள். எடுத்தவரிடம் அனுமதி வாங்கியிருந்தால்கூட இது பொருந்தும். உங்கள் குரலும் உங்கள் கோர்வையும் தெளிவாகத் தெரிய வேண்டும், ஏழாவது படியில் அவ்வளவு சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

கமெண்ட் பகுதியைக் காவல் காக்க ஒருவரை வையுங்கள். அந்த பிபிசி வீடியோவிலேயே, ஓடிவந்த அம்மாவை வீட்டு வேலைக்காரப் பெண் என்று எத்தனையோ பேர் தாமாக முடிவு கட்டி எழுதினார்கள். உங்களுக்கு வீடியோ தந்த குடும்பம் எல்லாக் கமெண்ட்டையும் படிக்கும் என்பதை நினைவில் வைத்து, கேவலமானவற்றை உடனே நீக்குங்கள். யாராவது "எங்க வீடியோவை எடுத்துடுங்க" என்று கேட்டால், கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டி வாதாடாதீர்கள், அன்றே எடுத்துவிடுங்கள். ஒரு கிளிப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

பணம் கொடுங்கள். 500 ரூபாயாக இருந்தாலும் கொடுங்கள். வெளியாவதற்கு முன் அவர்கள் பகுதியை மட்டும் அனுப்பிக் காட்டுங்கள், வெளியான அன்றே லிங்க்கை அனுப்புங்கள். அடுத்த எபிசோடுக்கான கிளிப்களில் பாதி அவர்களுடைய அத்தை, சித்தப்பா வீட்டுப் போன்களில்தான் இருக்கும்.